கிணத்து மோட்டாரும் டாட்டாநகர் இரும்பும்

போன வாரம் கிணத்து மோட்டார்ல காயில் எரிஞ்சு போச்சுங்க. கழட்டிக் கொண்டுபோய் டவுன் பட்டறையில போட்டேன். ரீவைண்டிங் முடியுற வரைக்கும் வெளியே பெஞ்சில உக்காந்திருந்தப்போ ஒரு யோசனை. கோயமுத்தூர்ல இரும்புச் சுரங்கம் இல்லை, நிலக்கரியும் இல்லை. அப்புறம் எப்படி நாட்டுக்கே பம்புசெட் செய்யுற ஊரா ஆச்சு?

முதல்ல வந்தது பருத்தி. கரிசல் மண்ணுல பருத்தி விளைஞ்சுது. 1888ல ஸ்டேன்ஸ் துரை ஆலை வச்சார். 1932ல பைக்காரா மின்சாரம் மலையிலிருந்து இறங்குன பிறகு மில்லுக மளமளன்னு பெருகுச்சு. மில்லு மெஷினுக்குச் சாமான் செஞ்ச பட்டறைக, மோட்டாரும் பம்பும் செய்ய ஆரம்பிச்சுது. வாங்குறதுக்குப் பக்கத்துலயே நம்ம ஆளுக இருந்தாங்க. எங்க அப்பாரு மாதிரி, கவலை ஓட்டி மாடும் மனுசனும் ஓய்ஞ்சுபோன வெள்ளாமைக்காரங்க.

சரி, இரும்பு? அங்கதான் இன்னொரு சங்கதி இருக்கு. 1950களில் மத்திய அரசு சரக்குக் கட்டணத்தைச் சமப்படுத்தும் கொள்கையைக் கொண்டுவந்தது. உருக்காலை எத்தனை மைல் தள்ளி இருந்தாலும் இரும்புக்கு ஒரே விலை. ரயில் கூலியை எல்லார் தலையிலயும் பங்கு போட்டுட்டாங்க. தொழில் நாடு பூரா பரவணும்கிறது நோக்கம். நல்ல நோக்கம்தான்.

ஆனா ஆலைக்குப் பக்கத்துல இருந்தவங்களுக்கு இருந்த அனுகூலம் அதோட போச்சு. பீகாரும் மேற்கு வங்காளமும் ஒரிசாவும் தாதையும் கரியையும் வெட்டிக் கொடுத்தன. அந்த இரும்பை வச்சுச் சாமான் செய்யுற தொழில் மேற்கிலயும் தெற்கிலயும் வளர்ந்துச்சு. நம்ம பருத்திக்கு நாடு பூரா ஒரே விலைன்னு எவரும் வைக்கலை. அவங்க இரும்புக்கு வச்சாங்க. 1990களின் தொடக்கத்துலதான் அது முடிவுக்கு வந்தது. கிழக்கு பின்தங்குனதுக்கு இது ஒண்ணுதான் காரணம்னு சொல்லமாட்டேன். பெரிய காரணங்கள்ல இதுவும் ஒண்ணு.

மோட்டாரைக் கட்டிக் கொடுத்த பையன்கிட்ட எந்த ஊரு தம்பின்னு கேட்டேன். டாட்டாநகர் பக்கம் ஒரு கிராமம்னான். அங்கேயும் அவங்க அப்பாவுக்கு வானம் பார்த்த நெல்லு வயல்தானாம், மோட்டார் கிடையாதாம்.

இரும்பு வந்த ரயில் கூலியை நாடே பங்கு போட்டுக்கிச்சு. இந்தப் பையன் கைக்காசுல டிக்கெட் எடுத்து வந்திருக்கான். கேட்ட கூலியைக் குறைக்காம கொடுத்துட்டு வந்தேன்ங்க. வாழைக்குத் தண்ணி பாயுது.