ஹிப்பி என்ற சொல் தோட்டத்திற்கு வந்த கதை

"ஏண்டா, ஹிப்பி மாதிரி முடியை வளர்த்துக்கிட்டுத் திரியுறே?" 1970களில் ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஏச்சு நினைவிருக்கும். காதை மூடும் கிராப்பு, தரையைக் கூட்டும் பெல்பாட்டம் சிலுவார், இவ்வளவு போதும். லயத்தில் பிள்ளைக்கு அந்தப் பட்டம் வந்துவிடும். பெண் கொடுக்கவும் யோசிப்பார்கள். ஒரு சொல்லுக்கு இத்தனை வலிமை எப்படி வந்தது என்பதை இன்று பார்ப்போம்.

அமெரிக்கக் கறுப்பின இசைக் கலைஞர்களிடையே 'ஹிப்' என்றொரு பேச்சுவழக்குச் சொல் இருந்தது. விவரம் அறிந்தவன், காலத்தோடு ஒட்டியவன் என்பது பொருள். (இடுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதே ஒலிதான், பொருளில் உறவில்லை.) அதிலிருந்து 'ஹிப்ஸ்டர்' வந்தது, பிறகு 'ஹிப்பி' வந்தது. 1965இல் சான் பிரான்சிஸ்கோ பத்திரிகை ஒன்று, அந்நகரின் ஹெய்ட் ஆஷ்பரி வட்டாரத்து இளைஞர்களை இப்பெயரால் குறித்தது. இரண்டே ஆண்டுகளில் அது உலகமெங்கும் பரவிற்று.

ஆக, இது பெரும்பாலும் பிறர் வைத்த பெயர். அவ்வட்டாரத்து இளைஞர்கள் சிலரே 1967 அக்டோபரில் ஒரு சவப்பெட்டியைச் சுமந்து, ஹிப்பிக்கு இறுதி ஊர்வலம் நடத்தினார்கள். பத்திரிகைகள் படைத்த ஹிப்பியைப் புதைப்பது அவர்கள் நோக்கம். பெயர் மட்டும் சாகவில்லை.

வியட்நாம் போர் வேண்டாம், பணம் சேர்ப்பதே வாழ்க்கையாகாது என்றார்கள் அவர்கள். கஞ்சாவும் அதைவிடக் கொடிய மருந்துகளும் அவர்களிடையே புழங்கின, பலர் சீரழிந்தார்கள். அதை மறைப்பதற்கில்லை.

இக்கதையில் தமிழருக்கும் பங்குண்டு. 1969 ஆகஸ்ட் 15ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் வுட்ஸ்டாக் இசை விழா தொடங்கியது. சுமார் 4 லட்சம் பேர் கூடிய அவ்விழாவின் முதல் நாளில் ஆசியுரை வழங்கியவர், காவி உடுத்து, நீண்ட தாடி வைத்த சுவாமி சச்சிதானந்தர். கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்தவர். அவருடைய குரு ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தர். பத்தமடையில் பிறந்த அந்தச் சிவானந்தர், துறவுக்கு முன் யாராக இருந்தார் தெரியுமா? டாக்டர் குப்புசாமி! 1913இல் மலாயாவுக்குக் கப்பலேறி, நமக்கு அண்டை மாநிலமான நெகிரி செம்பிலானில், சிரம்பானுக்கு அருகே ரப்பர் தோட்ட மருத்துவமனையில் நம் மக்களுக்கு மருந்து கொடுத்தவர். ஹிப்பிகளை வாழ்த்திய துறவியின் குரு, நம் தோட்டத்து டாக்டர்.

ஹிப்பிகள் பலர் இஸ்தான்புல், காபூல் வழியாகத் தரைமார்க்கமாக இந்தியா வந்தார்கள். சிலர் பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரை வரை வந்து தங்கினார்கள். நம் வட்டார அரசாங்கங்களுக்கு இது கவலை தந்தது. சிங்கப்பூரில் நீண்ட முடி வைத்த ஆண்களை அலுவலகங்களில் கடைசியாகத்தான் கவனிப்பார்கள் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். எது நீண்ட முடி? நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொட்டால், காதை மூடினால், சட்டைக் காலருக்குக் கீழே இறங்கினால், அது நீண்ட முடி!

சொல் இப்படி அளவுகோலாகச் சுருங்கித்தான் நம்மிடம் வந்தது. போரை மறுத்தவன் என்ற பொருள் கடல் தாண்டவில்லை. முடி மட்டும் தாண்டியது. இத்தனைக்கும் மாசி மகத்தன்று மலாக்காவிலிருந்து செங் வட்டாரத்துச் சன்னாசி மலைக்கு ரதத்தோடு போகிறவர்கள் நாம். முருகனுக்கு நேர்ந்துகொண்டு முடியும் தாடியும் வளர்ப்பவரை யாரும் ஹிப்பி என்றதில்லை.

1983இல் மலேசிய அரசாங்கம் போதைப்பொருளை நாட்டின் பாதுகாப்புக்கே மிரட்டல் என்று அறிவித்தது. ஹெராயின் பழகியவனுக்கு முடி நீண்டிருக்க வேண்டுமென்பதில்லை. ஒட்ட வெட்டிய தலையோடு, பள்ளிக்கூடச் சட்டையோடும் இருப்பான். ஹிப்பிப் பட்டம் வாங்கிய பையனோ விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, சம்பளத்தை அம்மாவிடம் கொடுப்பவனாகவும் இருந்தான்.