மாட்டுப்பட்டி: ஓர் எல்லைப்புறத்தின் பால் வரலாறு

திருவனந்தபுரம் பழவங்காடியில் விடியற்காலையில் விற்கப்படும் பால் உறைக்கு ஒரு மலைப்பின்னணி உண்டு. அதைத் தேடினால் மூணாறுக்கு அப்பாலுள்ள மாட்டுப்பட்டியைச் சென்றடைய வேண்டியிருக்கும்.

1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாகாணத்துடன் இணைந்தன. தமிழர் செறிந்து வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. அந்தத் தேவிகுளம் மலைப்பகுதியில்தான், 1963இல் இந்திய அரசும் சுவிட்சர்லாந்தும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, இந்தோ-சுவிஸ் கால்நடைத் திட்டம் தொடங்கப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேலான உயரமும் குளிரும் புல்வெளியும் ஆல்ப்ஸ் மலை மாடுகளுக்கு ஏற்றவையாக இருந்தன.

பிரௌன் சுவிஸ் காளைகளைக் கேரளத்தின் நாட்டுப் பசுக்களுடன் கலந்து உருவாக்கப்பட்ட இனமே 'சுனந்தினி'. பின்னர் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பும் அதில் சேர்ந்தது. காளைகள் மலையிலேயே இருந்தன. உறைவிந்து மட்டும் திரவ நைட்ரஜனில் சமவெளிக்கு இறங்கியது. ஒன்றிரண்டு மாடு வைத்திருந்த சிறு விவசாயியும் காளை வளர்க்காமலேயே கலப்பினக் கன்றைப் பெற முடிந்தது. 1976இல் கேரளக் கால்நடை வளர்ச்சி வாரியம் இப்பணியை ஏற்றது. 1980இல் கூட்டுறவுப் பால் இணையமான மில்மா பிறந்தது. இரண்டின் தலைமையகமும் திருவனந்தபுரத்தில்தான் உள்ளன.

இந்த வளர்ச்சிக்கு ஒரு விலையும் இருந்தது. உரிமம் பெறாத காளைகளை விதையடிக்க வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் கேரளக் கால்நடை மேம்பாட்டுச் சட்டம் வகுத்தது. கலப்பினப் பெருக்கமும் இச்சட்டமும் சேர்ந்து நாட்டு இனங்களை நலிவடையச் செய்தன. வைக்கம் அருகே தோன்றிய, ஏறத்தாழ 90 செ.மீ. உயரமே கொண்ட வெச்சூர்ப் பசு அழிவின் விளிம்புக்குச் சென்றது. 1989இல் மண்ணுத்தியில், பேராசிரியர் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் எஞ்சிய சில மாடுகளைத் தேடித் திரட்டியதால்தான் அந்த இனம் மீண்டது.

ஊர்ப்பெயரும் இங்கே ஒரு சான்றாகிறது. தமிழில் 'பட்டி' என்பது மாடு அடைக்கும் இடம். மலையாள வழக்கில் அது 'மாட்டுப்பெட்டி' ஆனதும் அப்பொருள் மங்கிவிட்டது. 1950களில் எழுந்த அணைக்கும் இப்பெயரே வழங்குவதால், பெயர் சுவிஸ் திட்டத்துக்கு முந்தையது என்பது தெளிவு. ஆகவே அம்மலையின் மாடு வளர்ப்பு வரலாற்றை 1963இலிருந்து மட்டும் எழுதுவது முழுமையாகாது. திட்டக் கோப்புகள் காளைகளின் வரவைச் சொல்லும். அதற்கு முன்பே அங்கே பட்டி போட்டவர்களைப் பற்றி ஊர்ப்பெயர் சொல்கிறது. ஆய்வாளர் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.