ஆவாரம்பட்டையும் குரோமியமும்

சித்தூரை ஆந்திர நகரமாகவே அறிந்திருக்கும் இக்காலத்து வாசகருக்கு, 1911 ஏப்ரல் 1 வரை அது வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைநகரமாக விளங்கியதும், திருப்பதியும் ராணிப்பேட்டையும் ஆம்பூரும் ஒரே கலெக்டரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்ததும் நினைவில் இருக்க நியாயமில்லை. ஊரை ஒட்டி ஓடும் நீவா ஆறு, பொன்னை என்ற பெயருடன் தெற்கே இறங்கி, திருவலத்தைக் கடந்து பாலாற்றில் கலக்கிறது. அந்தப் பாலாற்றங்கரையில்தான் தோல் பதனிடும் தொழில் வேரூன்றியது.

பழைய முறையில், தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிரையும் சதையையும் கத்தியால் வழித்து, இடித்த ஆவாரம்பட்டைச் சாற்றிலும் பிறகு கடுக்காய்ச் சாற்றிலும் வாரக்கணக்கில் கிடத்துவார்கள். துர்நாற்றமும், சுண்ணாம்பு அரித்த விரல்களும் அன்றும் உண்டு. அந்தத் தொழிலாளியின் வாழ்வு சுகமாக இருந்ததென்று சொல்வதற்கில்லை. எனினும் குழியில் எஞ்சியது பெரும்பாலும் மட்கிப்போகும் பட்டைச் சக்கை. இவ்வாறு அரைப்பதனிட்ட தோல்தான் முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ்களுக்கு மேல்தோலாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோமியப் பதனிடலைச் சோதித்துப் பார்த்தார். ஆனால் பாலாற்றங்கரையில் அம்முறை பெருகியது, 1970களில் மத்திய அரசு பச்சைத் தோல், அரைப்பதனிட்ட தோல் ஆகியவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி முழுப் பதனிடலை ஊக்குவித்த பின்னரே. வாரங்கள் பிடித்த வேலையைச் சுழலும் டிரம் ஓரிரு நாளில் முடித்தது. தோல் ஷாப்புகள் என்று வழங்கும் பதனிடும் ஆலைகள் செழித்தன.

தோலில் ஏறும் குரோமிய சல்பேட்டின் தீமை குறைவு. அதற்கு மூலப்பொருளான டைகுரோமேட்டிலுள்ள, இணைதிறன் ஆறுடைய குரோமியமோ உயிரணுவுக்குள் எளிதில் புகுந்துவிடும். டைகுரோமேட்டைக் கையாள்வோரின் விரல் கணுக்களில், ஓரம் தடித்து நடுவே குழிந்த, வலியில்லாத சிறு வட்டப் புண்கள் தோன்றும். மூக்கின் நடுத்தண்டில் துளை விழும். 1890இலேயே ஸ்காட்லாந்தில் குரோமிய வர்ணத் தொழிலாளி ஒருவரின் மூக்கில் கண்ட புற்றுநோயை நியூமன் என்ற வைத்தியர் எழுதிவைத்தார். 1936இல் ஜெர்மனி, குரோமேட் தொழிலாளரின் நுரையீரல் புற்றுநோயைத் தொழில்சார் நோயாக ஏற்றுக்கொண்டது. இத்தனையும் அறியப்பட்ட பிறகே, 1970களின் நடுவில் ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை டைகுரோமேட் தயாரிக்கத் தொடங்கியது என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

ஓர் இரசாயனம் மனிதருக்கு எவ்வளவு அபாயம் என்று கணிக்க, அதன் சுபாவத்தையும், நீர், தூசி, தோல், மூச்சு ஆகிய எந்த வழியில் வருகிறது என்பதையும், அளவையும், ஆண்டுகளையும் சேர்த்து நிறுக்க வேண்டும். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்பது இந்திய வரம்பு. ஆனால் அளந்து பார்க்கும் கருவி பாலாற்றங்கரைக் கிராமத்தாரிடம் இல்லை. கெடுதலை நிரூபிக்கும் பாரமோ அவர்கள் தலைமேலேயே இருந்தது.

தோல் ஷாப்புகளின் கழிவுநீர் பாலாற்றைக் கெடுப்பதை எதிர்த்து வேலூர்ப் பிரஜைகள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அந்தப் பாரத்தைத் திருப்பி வைத்தது: தன் செய்கை தீங்கற்றது என்று காட்ட வேண்டியவர் தொழில் நடத்துபவரே, கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும். நம் தேசத்துச் சுற்றுச்சூழல் நியாயத்தில் இதைவிட அவசியமான திருப்பம் வேறில்லை என்பது என் துணிபு.

அந்த டைகுரோமேட் ஆலை அதற்குள் மூடப்பட்டிருந்தது. ஆனால் அது விட்டுச்சென்ற கழிவு, ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாமல், திறந்த வெளியில் மலையாகக் கிடந்தது. பெருமழை பெய்த நாட்களில் அதன் அடியிலிருந்து மஞ்சள் நீர் கசிந்து, நீவா வந்து கலக்கும் திருவலத்துக்குச் சற்றுக் கிழக்கே, பாலாற்று நிலத்தடியை நோக்கி இறங்கியது.