கடுதாசித் தொப்பியும் ஒன்பது வயதுப் பிள்ளையும்

ஒரு சின்னப் பிள்ளை தன் உள்ளங்கையை வெள்ளைக் கடுதாசியில் விரித்து வைக்கிறது. மற்றக் கையால் பென்சிலைப் பிடித்து விரல்களைச் சுற்றிக் கோடு கீறுகிறது. கையை எடுத்துவிட்டுப் பார்த்தால், கட்டைவிரல் இருந்த இடம் ஒரு தலை, மற்ற நாலு விரலும் விரித்த சிறகு. ஒரு கண், ஒரு சொண்டு, கீழே இரண்டு கால். வான்கோழி தயார். பிறகு ஒவ்வொரு சிறகிலும் எதற்கு நன்றி சொல்கிறாய் என்று எழுத வேண்டும். அம்மா, அப்பா, நாய்க்குட்டி, பீட்சா.

எங்களில் சிலர் இந்த வான்கோழியை முதலில் கண்டது அமெரிக்காவில் இருக்கிற சொந்தக்காரர் அனுப்பிய வட்ஸ்அப் படத்தில்தான். நவம்பர் மாத நாலாவது வியாழன், தாங்ஸ்கிவிங், நன்றியறிதல் நாள். அதே படத்தில் பிள்ளையின் தலையில் கறுப்பு மட்டையில் வெட்டி மஞ்சள் பக்கிள் ஒட்டிய ஒரு தொப்பியும் இருந்தது. பக்கத்தில் நின்ற பிள்ளைக்குக் கடுதாசிச் சிறகுகள் ஒட்டிய தலைப்பட்டி. பாதி வகுப்பு 'பில்கிரிம்', பாதி வகுப்பு 'இந்தியர்'. இரண்டு பக்கமும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடும். வடிவான படம்தான். ஆனால் வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கே, ஆர் இதை முதல் சொன்னது எண்டு கேட்கிற பழக்கம். கேட்டுப் பார்த்தோம்.

சொன்னவர் எட்வர்ட் வின்ஸ்லோ. 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்த 102 பயணிகளில் ஒருவர். வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே செத்துப்போனார்கள். வளர்ந்த பெண்களில் மிஞ்சியது நாலே நாலு பேர். அடுத்த ஆண்டு அறுவடை முடிந்தபின் வின்ஸ்லோ இங்கிலாந்துக்கு எழுதிய கடிதத்தில், 1621 டிசெம்பர் 11 திகதியிட்டது, ஒரு சின்னப் பந்தி வருகிறது. நாலு பேர் பறவை வேட்டைக்குப் போனார்கள், துவக்குப் பயிற்சி நடந்தது, வாம்பனோவாக் மக்களின் தலைவர் மசசோயிட் சுமார் 90 ஆண்களோடு வந்தார், மூன்று நாள் விருந்து நடந்தது, வந்தவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். அவர்களை ஆரும் அழைத்ததாகக் கடிதத்தில் இல்லை. வான்கோழி என்ற சொல்லும் இல்லை. முக்கியமாக, அந்த விருந்தை 'நன்றியறிதல்' என்று வின்ஸ்லோ சொல்லவே இல்லை. அந்தச் சமயத்தாருக்கு நன்றியறிதல் நாள் என்றால் தேவாலயத்தில் இருந்து செபிக்கிற நாள், தின்று குடித்து விளையாடுகிற நாள் அல்ல.

தொப்பியில் ஒட்டும் பக்கிளும் பிந்தி வந்த கற்பனை. சிறகுக் கிரீடமோ மேற்கே வெகுதூரத்தில் சமவெளிகளில் வாழ்ந்த மக்களுடையது. கடலோரத்து வாம்பனோவாக் ஆட்கள் அதைக் கட்டியதில்லை. ஆக, கத்தரிக்கோலால் வெட்டுகிற இரண்டுமே பிழை.

பிழையான உடுப்பு ஒரு பெரிய விசயமா என்று கேட்கலாம். உடுப்பு பெரிய விசயமில்லை. அந்த மேசை எங்கே போடப்பட்டிருந்தது என்பது பெரிய விசயம். பிளிமத் குடியேற்றம் அமைந்தது வெறுங்காட்டில் இல்லை. பட்டுக்செட் என்ற ஊர் இருந்த இடத்தில், ஏற்கனவே காடு வெட்டித் திருத்திய தோட்ட நிலத்தில். 1616க்கும் 1619க்கும் இடையில் ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த கொள்ளைநோயில் அந்த ஊரே அழிந்திருந்தது. சோளன் நட வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்த 'ஸ்குவாண்டோ' எல்லாச் சிறுவர் புத்தகத்திலும் வருவார், சிரித்த முகத்தோடு. அவருடைய பெயர் திஸ்குவாண்டம். 1614இல் தோமஸ் ஹண்ட் என்ற ஆங்கிலக் கப்பல்காரன் அவரையும் இன்னும் பலரையும் கடத்திக்கொண்டுபோய் ஸ்பெயினில் விற்றான். அவர் அங்கிருந்து தப்பி இலண்டன் போய், ஆங்கிலம் பழகி, 1619இல் ஊர் திரும்பியபோது ஊர் இல்லை. அவருக்கு ஆங்கிலம் எப்படித் தெரியும் என்று எந்தச் சின்னப் பிள்ளையும் கேட்டிருக்காதா? கேட்டிருக்கும். பதில் சொல்லத்தான் பெரியவர்களுக்கு ஏலாமல் இருந்திருக்கும்.

மசசோயிட் 1621 வசந்தத்தில் வந்தவர்களோடு ஓர் உடன்படிக்கை செய்தார். நோயால் தன் சனம் குறைந்திருந்த நேரத்தில், மேற்கே இருந்த நரகான்செட் மக்களுக்கு எதிராக அவருக்குத் துணை வேண்டியிருந்தது. அவர் உயிரோடு இருந்த காலம் வரை அந்த அமைதி ஏதோ ஒரு மாதிரி நின்றது. அதற்குள்ளேயே 1637இல், இன்றைய கனெக்டிகட் பகுதியில், மிஸ்டிக் ஆற்றங்கரைப் பீக்குவட் கோட்டைக்குள் ஆங்கிலேயர் தீ வைத்தார்கள். செத்தவர்கள் குறைந்தது 400 பேர், பலர் பெண்களும் பிள்ளைகளும். அந்த வெற்றிக்காக அதே ஆண்டு ஒக்டோபரில் மசாசுசெட்ஸ் தேவாலயங்களில் ஒரு நன்றியறிதல் நாள் கடைப்பிடிக்கப்பட்டது. இதற்குத்தான் 'நன்றியறிதல்' என்ற பெயர் ஒழுங்காகப் பொருந்தியது.

மசசோயிட்டின் மகன் மெட்டகோம். ஆங்கிலேயர் அவரை பிலிப் மன்னர் என்றார்கள். நிலம் கையை விட்டுப் போகப் போக, 1675இல் போர் வெடித்தது. 1676 ஓகஸ்ட் 12 அன்று மெட்டகோம் சுடப்பட்டார். உடலை நாலாக வெட்டினார்கள். ஐந்து நாள் கழித்து, ஓகஸ்ட் 17, பிளிமத்தில் ஒரு நன்றியறிதல் நாள் நடந்துகொண்டிருந்தபோது அவருடைய தலை ஊருக்குள் கொண்டுவரப்பட்டது. கம்பத்தில் ஏற்றிய அந்தத் தலை இருபது ஆண்டுக்கு மேலாக அங்கேயே நின்றது.

மெட்டகோமுக்கு ஒன்பது வயதில் ஒரு மகன் இருந்தான். தாயோடு பிடிபட்டான். இவனைக் கொல்லலாமா என்று போதகர்களிடம் கேட்டார்கள். தகப்பன் செய்ததற்காக மகனைக் கொல்லலாம் என்று சிலர் வேதாகமத்தில் ஆதாரம் தேடி எழுதினார்கள். ஜேம்ஸ் கீத் என்ற போதகர், அதே வேதாகமத்தைக் காட்டி, வேண்டாம் என்றார். பிள்ளை மாதக்கணக்காகச் சிறையில் இருந்தான். 1677இல் கடல் கடந்து அடிமையாக விற்கப்பட்டான். அந்தப் பிள்ளையின் பெயர்கூட ஆவணங்களில் இல்லை. மூன்று நாள் விருந்துக்கு ஐந்து மான் கொடுத்த மனிசனின் பேரன் அவன்.

இந்தப் பந்தியை எழுதும்போது நாங்கள் திரும்பத் திரும்ப அந்த வட்ஸ்அப் படத்தைத்தான் நினைத்தோம். படத்தில் இருந்த பிள்ளைகளுக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான்.

இவ்வளவும் தெரிந்த ஒரு சமூகம் எப்படி மேசைப் படத்துக்கு வந்து சேர்ந்தது? நேரே வரவில்லை. வின்ஸ்லோவின் விருந்து இருநூறு ஆண்டுக்கு மேல் ஆருக்கும் நினைவில் இல்லை. 1841இல் அலெக்சாண்டர் யங் என்ற பொஸ்டன் போதகர் பழைய ஆவணங்களைத் தொகுத்தபோது, அந்தக் கடிதத்துக்கு ஓர் அடிக்குறிப்பு போட்டு, இதுதான் முதல் நன்றியறிதல் என்று எழுதினார். ஓர் அடிக்குறிப்பு! எங்கட விரிவுரையாளர்கள் அடிக்குறிப்பைக் கவனி கவனி என்று கத்துவதில் நியாயம் இருக்கிறது.

விடுமுறை நாளாக்கியது இன்னொருவர், சேரா ஜோசபா ஹேல். அவரை உங்களுக்குத் தெரியும். முன்பள்ளியில் மேரியையும் அவளுடைய ஆட்டுக்குட்டியையும் பற்றிப் பாடினோமே, 1830இல் வெளிவந்த அந்தப் பாட்டை எழுதியவர் அவர்தான். பெண்களுக்கான பெரிய சஞ்சிகை ஒன்றின் ஆசிரியராக இருந்துகொண்டு, நாடு முழுவதும் ஒரே நாளில் இதைக் கொண்டாட வேண்டும் என்று 1846இலிருந்து ஆளுநர்களுக்கும் சனாதிபதிகளுக்கும் கடிதம் எழுதினார். வான்கோழி, பூசணிப் பை, குடும்பம் முழுக்கச் சுற்றியிருக்கிற மேசை, இதெல்லாம் அவர் சஞ்சிகையில் ஆண்டாண்டாக வந்த படம். 1863 ஒக்டோபரில், உள்நாட்டுப் போரின் நடுவில், லிங்கன் அறிவித்தார். அந்த அறிவிப்பில் பில்கிரிம்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிரிந்து அடிபடுகிற நாட்டை ஒரு மேசையில் இருத்துவதுதான் அப்போதைய தேவை.

பில்கிரிம்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தது அதற்கும் பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற நேரம். இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் இலட்சக்கணக்கில் ஆட்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். இவர்களுடைய பிள்ளைகளை அமெரிக்கர் ஆக்குவது எப்படி? கடல் கடந்து வந்தவர்கள், கஷ்டப்பட்டார்கள், நன்றி சொன்னார்கள் என்ற கதை கைக்கு வசதியாக இருந்தது. வகுப்பில் நாடகம், தொப்பி, படம் கீறல். பெற்றோருக்கு இந்தப் பண்டிகையே தெரியாது. பிள்ளைதான் பள்ளியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோனது. இதையே நாங்கள் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறோம்: இது பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்த மரபு என்பதைவிட, பிள்ளைகளின் கைவேலை வழியாகப் பெரியவர்களிடம் போய்ச் சேர்ந்த மரபு என்பதே பொருத்தம்.

பிள்ளைகளுக்கு என்று வேறொரு நன்றியறிதலும் இருந்தது. நியூயோர்க் தெருக்களில் அந்த நாளில் ஏழைப் பிள்ளைகள் பெரியவர்களின் கிழிசல் உடுப்பைப் போட்டு, முகத்தில் கரி பூசி, வீடு வீடாகப் போய்ச் சில்லறையும் பழமும் கேட்பார்கள். கந்தல் நாள் மாதிரி ஒன்று. மரியாதைப்பட்ட ஆட்களுக்கு இது பிடிக்கவில்லை. 1924இல் மேசிஸ் கடையின் ஊர்வலம் தொடங்கியது. 1940கள் அளவில் கந்தல் உடுப்புக்காரர் காணாமல் போய்விட்டார்கள். எங்களைக் கேட்டால், இருந்த வடிவங்களில் அதிகம் உயிரோடு இருந்தது அதுதான்.

அதே காலத்தில்தான் மற்றப் பள்ளிக்கூடங்களும் நடந்தன. 1879இல் பென்சில்வேனியாவில் கார்லைல் விடுதிப் பள்ளி திறக்கப்பட்டது. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, தலைமயிரை வெட்டி, தாய்மொழியைத் தடுத்தார்கள். கரும்பலகையில் எழுதியிருந்த பெயர்களில் ஒன்றைக் குச்சியால் தொடச் சொன்னார்கள், தொட்டதுதான் தன் பெயர் ஆயிற்று என்று அங்கே படித்த லூதர் ஸ்டாண்டிங் பேர் பின்னாளில் எழுதியிருக்கிறார். அங்கேயும் நன்றியறிதல் நாள் கொண்டாடப்பட்டது.

பெயர் மாற்றுவது என்றதும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று ஞாபகம் வரும். 1816இல் எங்கட ஊருக்கு வந்த அமெரிக்க மிசன், இதே மசாசுசெட்ஸில் 1810இல் உருவான சபையினுடையது. அதே சபை 1817இல் தெற்கே செரோக்கி பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கியது. வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் விடுதியில் இருந்த பிள்ளைகளுக்கு, செலவு கொடுத்த அமெரிக்கரின் பெயர்கள் வைக்கப்பட்டன. கரோல் விசுவநாதபிள்ளையின் 'கரோல்' அப்படி வந்ததுதான். அந்தச் சபையின் கனெக்டிகட் பள்ளியில் படித்த செரோக்கிப் பையன் ஒருவன் எலியாஸ் பூடினோ என்ற அமெரிக்கக் கனவானின் பெயரை எடுத்துக்கொண்டான். இரண்டும் ஒன்று என்று சொல்ல வரேல்ல. எங்கட ஆட்களின் காணியைப் பிடுங்கித் துரத்த அந்த மிசன் வரவில்லை. தமிழில் அகராதியும் அச்சும் அதனால் வளர்ந்தது. ஆனால் ஒரே அலுவலகத்துப் பதிவேட்டில் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் இருந்திருக்கிறார்கள்.

1970இல் பில்கிரிம்கள் வந்த 350ஆம் ஆண்டு விருந்தில் பேச வாம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ் என்ற வாம்பனோவாக் ஆசிரியரை அழைத்தார்கள். உரையை முன்கூட்டியே வாங்கிப் பார்த்தவர்கள், இதைப் பேச முடியாது, வேறு எழுதித் தருகிறோம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டு, நன்றியறிதல் நாளன்று பிளிமத்தில் மசசோயிட் சிலை நிற்கிற குன்றில் போய் நின்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் அதே நாளில் அங்கே தேசிய துக்க நாள் கூடுகிறது. 2008இல் கலிபோர்னியாவின் கிளேர்மொண்ட் நகரில் கடுதாசித் தொப்பி விசயமே பெரிய சண்டையானது. உடுப்புப் போடக்கூடாது என்று பாடசாலை நிர்வாகம் முடிவெடுக்க, சில பெற்றோர் வேண்டுமென்றே போட்டு அனுப்பினார்கள். நாலைந்து வயதுப் பிள்ளைகள் நடுவில்.

அந்தப் பெற்றோரில் எல்லோரும் கெட்டவர்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. தாங்களும் ஆறு வயதில் அதே தொப்பியை வெட்டி ஒட்டியவர்கள். வாசித்தது மறந்துவிடும். கையால் செய்தது மறக்காது. கைவான்கோழியோடு எங்களுக்குப் பிரச்சினை இல்லை. அது பிள்ளையின் சொந்தக் கை. ஆரையும் போல வேசம் போடச் சொல்லவில்லை. சிறகுப் பட்டி அப்படியில்லை. இருக்கிற ஒரு சனத்தை, செத்துப்போன சனம் மாதிரி உடுத்திப் பார்க்கிற வேலை அது.

சிறுவர் புத்தகங்கள் மெதுவாக மாறியிருக்கின்றன. 2001இல் வந்த '1621' என்ற படப்புத்தகம் வின்ஸ்லோவின் பந்தியிலிருந்து தொடங்கி, என்ன தெரியும் என்ன தெரியாது என்று பிள்ளைகளோடு கதைக்கிறது. 2022இல் வந்த 'கீபுனுமுக்', வாம்பனோவாக் மொழியில் அறுவடைக் காலம் என்று பொருள், இன்னும் பிடித்திருந்தது. எழுதிய மூவரில் ஒருவரான டேனியல் கிரீன்டீர் மாஷ்பீ வாம்பனோவாக். அம்மம்மா பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறார். அந்தக் கதையில் வந்தவர்களைக் காப்பாற்றுவதா வேண்டாமா என்று முதலில் கவலைப்படுவது சோளன்.

வாம்பனோவாக் மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இல்லாமல் போயிருந்தார்கள். 1993இல் ஜெசி லிட்டில் டோ பெயர்ட் என்ற மாஷ்பீ பெண் அதைத் திரும்பக் கொண்டுவரும் வேலையைத் தொடங்கினார். மொழியியல் படித்தார், பழைய ஆவணங்களைத் துருவினார், தன் மகளோடு பிறந்ததிலிருந்தே அந்த மொழியில் பேசினார். 2016இல் மாஷ்பீயில் சின்னப் பிள்ளைகளுக்கு அந்த மொழியிலேயே படிப்பிக்கிற பள்ளி ஒன்று திறந்தது. அதன் பெயருக்குப் பொருள், பிள்ளைகளின் வீடு. அங்கே சொல்லிக்கொடுக்கிற மொழியை மீட்க உதவிய நூல்களில் முக்கியமான ஒன்று, அந்த மக்களை மதம் மாற்றுவதற்காக ஜோன் எலியட் 1663இல் அவர்களுடைய மொழியில் அச்சடித்த வேதாகமம்.