ஏழாம் சுற்றில் கிடைத்திருக்க வேண்டியவருக்கு முதல் இடத்தை விலையாகக் கொடுத்த அணி

ஒரு நட்சத்திர ரிசீவரை வாங்க ஓர் அணி தன் டிராஃப்ட் உரிமைகளை விட்டுக்கொடுக்கலாமா? அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் ஆண்டுதோறும் அடித்துக்கொள்ளும் கேள்வி இது. அவர்கள் விளையாட்டு, அவர்கள் சண்டை, நமக்கென்ன என்று கேட்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒரு நிறவெறி வரலாறு புதைந்திருக்கிறது. "தகுதி" என்ற சொல்லை அன்றாடம் எதிர்கொள்ளும் மாணவத் தோழர்கள் அதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் அடிப்படை. இது நாம் ஆடும் கால்பந்து அல்ல. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிந்து பிடிப்பதும்தான் இதில் முக்கியம். பந்தை எறிபவர் குவாட்டர்பேக். ஓடிப்போய் அதைப் பிடிப்பவர் ரிசீவர். கல்லூரிகளில் ஆடிவிட்டு வரும் இளைஞர்களைத் தொழில்முறை அணிகள் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் பெயர் டிராஃப்ட். 1936இல் தொடங்கியது. கடைசி இடத்தில் முடித்த அணிக்கு முதல் வாய்ப்பு, வெற்றி பெற்ற அணிக்குக் கடைசி வாய்ப்பு. இப்படிப் பல சுற்றுகள் நடக்கும். ஓர் அணி தன் வாய்ப்பை இன்னோர் அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு ஆட்டக்காரரை வாங்கிக்கொள்ளலாம். அதாவது டிராஃப்ட் உரிமை என்பது ஒருவகைப் பணம்.

வாதத்தின் இரண்டு பக்கத்துக்கும் சான்று உண்டு. 2022இல் கன்சாஸ் சிட்டி அணி தன் நட்சத்திர ரிசீவர் டைரீக் ஹில்லை மயாமிக்குக் கொடுத்து ஐந்து டிராஃப்ட் உரிமைகளை வாங்கியது. ஹில் மயாமியில் அபாரமாக ஆடினார். ஆனால் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் கோப்பையை வென்றது கன்சாஸ் சிட்டிதான். அதே 2022இல் பிலடெல்பியா அணி முதல் சுற்று உரிமை ஒன்றையும் மூன்றாம் சுற்று உரிமை ஒன்றையும் கொடுத்து ஏ.ஜே. பிரவுன் என்ற ரிசீவரை வாங்கியது. 2025 பிப்ரவரியில் அவரோடு கோப்பையையும் வென்றது. ஆக, கொடுத்தவரும் ஜெயித்திருக்கிறார், வாங்கியவரும் ஜெயித்திருக்கிறார்.

இந்தக் கணக்கில் எப்போதும் விடுபடும் ஒரு வரி இருக்கிறது. டிராஃப்ட் உரிமைக்குத் தனியாக ஒரு மதிப்பு கிடையாது. அதைக் கையில் வைத்திருப்பவர் யாரையெல்லாம் மனிதராகப் பார்க்கத் தயாராக இருக்கிறார் என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு. இதை வாஷிங்டன் அணியின் கதையைவிடத் தெளிவாகச் சொல்லும் கதை வேறில்லை.

மார்ஷலின் அணி

வாஷிங்டன் அணியின் உரிமையாளர் ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல். சலவைக் கடைகள் நடத்திப் பணம் சேர்த்தவர். 1937இல் தன் அணியை பாஸ்டனிலிருந்து வாஷிங்டனுக்குக் கொண்டுவந்தார். அந்த அணியின் அன்றைய பெயர் அமெரிக்கப் பூர்வகுடி மக்களை இழிவுபடுத்தும் சொல். அதை இங்கே எழுதப்போவதில்லை.

அமெரிக்கக் கால்பந்து தொடக்கத்திலேயே முழுக்க வெள்ளையர் ஆட்டமாக இருக்கவில்லை. ஃபிரிட்ஸ் பொலார்ட் போன்ற கறுப்பின வீரர்கள் 1920களில் ஆடியிருக்கிறார்கள். பிறகுதான் கதவு சாத்தப்பட்டது. 1934 முதல் 1945 வரை தேசியக் கால்பந்து லீகில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. எந்த விதியும் எழுதப்படவில்லை, எழுதவேண்டிய தேவையும் இருக்கவில்லை. உரிமையாளர்களுக்குள் ஒரு புரிதல் இருந்தது. அதன் பின்னணியில் மார்ஷலுக்கு முக்கியப் பங்கு உண்டு என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். எழுதப்படாத விதி எப்படி வேலை செய்யும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1946இல் முதல் விரிசல் விழுந்தது. ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம்பெயர்ந்து, பொதுப் பணத்தில் கட்டிய கொலிசியம் அரங்கத்தைக் கேட்டது. பொதுமக்களின் அரங்கத்தில் ஆட வேண்டுமானால் கறுப்பினத்தவரையும் சேர்க்க வேண்டும் என்று கறுப்பினப் பத்திரிகையாளர்கள் மன்றாடவில்லை, கோரிக்கையாகவே வைத்தார்கள். கென்னி வாஷிங்டனும் வுடி ஸ்ட்ரோடும் அணிக்குள் வந்தார்கள். அதே ஆண்டு, போட்டி லீகில் இருந்த கிளீவ்லாந்து அணியில் மேரியன் மோட்லியும் பில் வில்லிஸும் ஆடத் தொடங்கினார்கள். 1950களில் மற்ற அணிகளும் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்துவிட்டன.

வாஷிங்டன் மட்டும் திறக்கவில்லை. மார்ஷலுக்கு அது வியாபாரமும்கூட. தென்மாநிலங்கள் முழுவதும் வானொலி, தொலைக்காட்சி வழியாகத் தன் அணியின் ஆட்டங்களை விற்றுவந்தார். "வெள்ளைத் தெற்கின் அணி" என்ற அடையாளம் அவருக்குக் காசு. இத்தனைக்கும் அணி இருந்த வாஷிங்டன் நகரத்தின் மக்கள்தொகையில் 1960இல் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கறுப்பினத்தவர்.

விளைவு என்ன? 1960இல் 12 ஆட்டங்களில் ஒன்றில் மட்டும் வெற்றி. 1961இல் 14 ஆட்டங்களில் ஒன்றில் மட்டும் வெற்றி. டிராஃப்ட் முறையே பலவீனமான அணியைத் தூக்கிவிடத்தான் உருவானது. ஆண்டுதோறும் நல்ல இடம் கிடைத்தும் அந்த அணி மேலே வரவில்லை. ஏனென்றால் மார்ஷல் தன் பட்டியலிலிருந்து ஒரு முழு இனத்தையே அடித்துவிட்டுத்தான் தேர்வுக்கு உட்கார்ந்தார்.

நிலம் யாருடையது?

இருபத்தைந்து ஆண்டுகள் அசையாத மார்ஷல் எப்படி அசைந்தார்? மனம் மாறி அல்ல.

வாஷிங்டனில் ஒரு புதிய அரங்கம் எழுந்தது. அது நின்ற நிலம் கூட்டாட்சி அரசின் பூங்கா நிலம். உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் யூடாலின் பொறுப்பில் இருந்த நிலம் (அமெரிக்காவில் உள்துறை என்பது காவல்துறை அல்ல, இயற்கை வளங்களையும் பூங்காக்களையும் கவனிக்கும் துறை). மார்ஷல் 30 ஆண்டுக் குத்தகைக்குக் கையெழுத்திட்டிருந்தார். 1961 மார்ச்சில் கென்னடி அரசின் சார்பில் யூடால் எச்சரித்தார்: வேலைக்கு ஆள் எடுப்பதில் பாகுபாடு காட்டினால் இந்த அரங்கத்தில் ஆட முடியாது.

மார்ஷல் இதை அரசின் அத்துமீறல் என்றார். என் அணி, என் பணம், நான் யாரை எடுத்தால் உனக்கென்ன என்பதுதான் அந்த வாதத்தின் சாரம். தனியார் துறையில் இட ஒதுக்கீடு என்று பேச்செடுத்தாலே நாம் கேட்கும் அதே குரல். அமெரிக்க நாஜிகள் மார்ஷலுக்கு ஆதரவாகப் பதாகை பிடித்தார்கள்.

ஆனால் யூடால் தனியாக நிற்கவில்லை. கறுப்பினப் பத்திரிகையாளர் சாம் லேசி ஆண்டுக்கணக்காக இந்த அணியை விமர்சித்து எழுதிவந்திருந்தார். வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் ஷெர்லி போவிச் மார்ஷலை விடாமல் குத்தினார். இன சமத்துவ அமைப்புகள் மறியல் செய்தன. 1961 அக்டோபரில் அரங்கம் திறந்தபோது வாசலில் போராட்டக்காரர்கள் நின்றார்கள். டிசம்பரில் நடக்கும் டிராஃப்டில் கறுப்பின வீரரைத் தேர்ந்தெடுப்பேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் அந்தப் பருவத்தை மார்ஷல் ஓட்ட முடிந்தது.

மோசமாகத் தோற்றதால் டிராஃப்டில் முதல் வாய்ப்பு வாஷிங்டனுக்கு. 1961ஆம் ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் விருதைப் பெற்ற முதல் கறுப்பின வீரர் எர்னி டேவிஸ். மார்ஷலின் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் வைத்துக்கொள்ளவில்லை. அந்த உரிமையை கிளீவ்லாந்துக்குக் கொடுத்து, பதிலுக்கு பாபி மிட்செலையும், கிளீவ்லாந்து முதல் சுற்றில் எடுத்த லீராய் ஜாக்சனையும் வாங்கியது. பிட்ஸ்பர்க்கிலிருந்து ஜான் நிஸ்பி வந்தார். எட்டாம் சுற்றில் எடுத்த ரான் ஹேட்சரும் சேர்ந்தார். 1962இல் வாஷிங்டன் அணியில் கறுப்பின வீரர்கள் ஆடினார்கள். லீகில் கடைசியாகத் திறந்த கதவு அது.

விலை

இங்கேதான் நம் கேள்வி வருகிறது. டிராஃப்டின் முதல் இடத்தைக் கொடுத்து மிட்செலை வாங்கியது சரியா?

ஆட்டக் கணக்கில் சரி. கிளீவ்லாந்தில் ஜிம் பிரவுனுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த மிட்செலை வாஷிங்டன் ரிசீவராக மாற்றியது. முதல் ஆண்டிலேயே 72 பந்துகளைப் பிடித்து 1,384 யார்டுகள் எடுத்தார். இரண்டிலும் லீகில் முதலிடம். ஒரு வெற்றியோடு நின்ற அணி 1962இல் ஐந்து வெற்றி பெற்றது.

ஆனால் இன்னொரு கணக்கைப் பாருங்கள். 1958 டிராஃப்டில் மிட்செலை கிளீவ்லாந்து எடுத்தது ஏழாம் சுற்றில். ஆறு சுற்றுகள் முடியும்வரை அவர் அங்கேதான் இருந்தார். ஒரு சாதாரண உரிமையைக் கொடுத்து எந்த அணியும் அவரை எடுத்திருக்கலாம். மற்ற அணிகள் தவறவிட்டதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். வாஷிங்டனுக்கு ஒரே காரணம்தான். நான்கு ஆண்டு கழித்து, ஏழாம் சுற்றில் கிடைத்திருக்க வேண்டியவருக்கு நாட்டின் முதல் இடத்தை விலையாகக் கொடுத்தது. அந்த வித்தியாசம்தான் நிறவெறியின் விலை. "தகுதி பார்த்து எடுக்கிறோம்" என்று சொல்பவர்கள் தகுதியைப் பார்க்கவே மறுத்ததற்குக் கட்டிய அபராதம்.

ஒரு நட்சத்திரம் மட்டும் எல்லாவற்றையும் சரிசெய்யவும் இல்லை. மிட்செல் ஆடிய ஏழு ஆண்டுகளில் ஒரு பருவத்தில்கூட வாஷிங்டனின் வெற்றிகள் தோல்விகளைவிட அதிகமாகவில்லை. கால் நூற்றாண்டுப் பள்ளத்தை ஒருவர் நிரப்ப முடியாது. கதவு திறந்ததன் உண்மையான பலன் 1964இல் தெரிந்தது. அந்த ஆண்டு முதல் சுற்றில் வாஷிங்டன் சார்லி டெய்லர் என்ற கறுப்பின இளைஞரை எடுத்தது. பிற்பாடு அவர் ஓய்வு பெற்றபோது, லீக் வரலாற்றிலேயே அதிகப் பந்துகளைப் பிடித்தவர் என்ற சாதனை அவரிடம் இருந்தது. மார்ஷல் கையில் செல்லாக்காசாகக் கிடந்த டிராஃப்ட் உரிமை, பார்வை திறந்ததும் செல்லுபடியாகத் தொடங்கியது.

மறுபக்கம் கிளீவ்லாந்து. எர்னி டேவிஸ் அந்த அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 1962 கோடையில் அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. 1963 மே மாதம் 23 வயதில் இறந்தார். அந்த அணி மிட்செலையும் இழந்தது, டேவிஸையும் இழந்தது. ஆனாலும் 1964இல் கோப்பையை வென்றது. அதில் பந்து பிடித்தவர்களில் ஒருவர், அந்த ஆண்டு முதல் சுற்றில் எடுக்கப்பட்ட பால் வார்ஃபீல்ட் என்ற கறுப்பின இளைஞர். 1946இலிருந்து கதவைத் திறந்து வைத்திருந்த அணியால் அவ்வளவு பெரிய இழப்பையும் தாங்க முடிந்தது.

கேட்கப்படாதவர்கள்

இத்தனை கணக்கிலும் மிட்செலிடமோ டேவிஸிடமோ யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள். எந்த ஊரில் வாழ வேண்டும், யாருக்காக உழைக்க வேண்டும் என்பதை இரண்டு அணிகளின் முதலாளிகளும் மேலாளர்களும் பேசி முடித்தார்கள். நிறவெறியின் கடைசிக் கோட்டைக்குள் நுழையும் சுமை ஒரு இளைஞரின் தோளில் ஏற்றப்பட்டது. வசையையும் எச்சிலையும் தாங்கிக்கொண்டே அவர் பந்தைப் பிடித்தார்.

1968 பருவத்தோடு ஆட்டத்தை முடித்துக்கொண்ட மிட்செல் அதே அணியின் அலுவலகத்தில் சேர்ந்தார். துணைப் பொது மேலாளர்வரை உயர்ந்தார். யாரை எடுப்பது, யாரைக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் பொது மேலாளர் நாற்காலி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 2003இல் ஓய்வு பெற்றார். லீகின் முதல் கறுப்பினப் பொது மேலாளராக ஆஸி நியூசம் பால்டிமோரில் அமர்ந்ததே 2002இல்தான். ஆடும் களத்தில் இடம் கொடுத்த பிறகும், தேர்ந்தெடுக்கும் மேசையில் இடம் கொடுக்க அவர்களுக்கு இன்னும் அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. இன்று லீகின் வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கறுப்பினத்தவர். ஆனால் 32 அணிகளில் ஒன்றுக்குக்கூட ஒரு கறுப்பினத்தவர் பெரும்பான்மை உரிமையாளராக இருந்ததில்லை.

மிட்செல் 2020 ஏப்ரலில் இறந்தார். அடுத்த மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு அமெரிக்கத் தெருக்கள் கொதித்தன. ஜூனில் அந்தப் பழைய அரங்கத்தின் முன்பிருந்த மார்ஷலின் நினைவுச் சின்னம் அகற்றப்பட்டது. மிட்செலின் 49ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று அணி அறிவித்தது. ஜூலையில் அந்த இழிபெயரும் போனது. 1961ஐப் போலவே இதுவும் முதலாளியின் மனமாற்றம் அல்ல, தெருவின் அழுத்தமும் விளம்பரதாரர்களின் அழுத்தமும்தான்.

ஆகவே, ரிசீவருக்காக டிராஃப்ட் உரிமையைக் கொடுக்கலாமா என்று யாராவது கேட்டால், திருப்பி மூன்று கேள்வி கேளுங்கள். அந்த உரிமையைப் பயன்படுத்தும்போது உங்கள் பட்டியலில் யார் பெயர் முன்கூட்டியே அடிக்கப்பட்டிருக்கிறது? தேர்ந்தெடுக்கும் மேசையில் உட்கார்ந்திருப்பது யார்? நீங்கள் ஆடும் அரங்கத்தின் நிலம் யாருடையது? மூன்றாவது கேள்விதான் மார்ஷலை வழிக்குக் கொண்டுவந்தது. நம் ஊரிலும் தனியார் என்று சொல்லிக்கொள்ளும் பல கட்டடங்களுக்கு அடியில் இருப்பது பொது நிலம். அந்தப் பத்திரங்களைத் தேடிப் படிக்கத் தொடங்குவோம்.