கொள்கலன்களின் தொடக்க, நிறுத்தக் கட்டளைகள்

மென்பொருள் கொள்கலன் என்பது ஒரு நிரலையும் அது இயங்கத் தேவையான கோப்புகளையும் ஒன்றாகக் கட்டி, பிற நிரல்களிலிருந்து பிரித்து இயக்கும் முறையாகும். கொள்கலன் தொடங்கும்போதும் நிற்கும்போதும் சில கட்டளைகள் தாமாக இயங்க வேண்டியிருக்கும். தரவுத்தளமாக இருந்தால், தொடக்கத்தில் அடைவுகளை உருவாக்க வேண்டும். முடிவில், நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு நிற்க வேண்டும். தொடக்கம் எளிதில் கைவந்தது. ஒழுங்காக நிறுத்துவதுதான் நெடுநாள் சிக்கலாக இருந்தது.

1979-இல் யுனிக்ஸ் 7-ஆம் பதிப்புக்கால வேலைகளில் உருவான சிஎச்ரூட் கோப்புகளை மட்டுமே பிரித்தது. 2000-இல் பிரீபிஎஸ்டி 4.0 'ஜெயில்' வசதியைத் தந்தது. அதற்குத் தொடக்கக் கட்டளையாகவும் நிறுத்தக் கட்டளையாகவும் இயங்குதளத்தின் வழக்கமான தொடக்க, அணைப்புக் கோப்புகளையே கொடுப்பது வழக்கம். உள்ளே ஒரு முழுக் கணினி எழுந்து அடங்குவது போன்ற ஏற்பாடு அது.

2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் அறிமுகப்படுத்திய டாக்கரில் ஒரு கொள்கலனுக்கு ஒரு நிரல் என்பது வழக்கமாயிற்று. முழு இயங்குதளத்தின் தொடக்கக் கோப்புகள் தேவையற்றுப் போயின; அவற்றோடு ஒழுங்காக மூடும் பழக்கமும் போயிற்று. நிறுத்தச் சொன்னால் டாக்கர் முதலில் 'முடித்துக்கொள்' என்னும் சிக்டெர்ம் (எண் 15) சமிக்ஞையை அனுப்பும். இயல்பாக 10 நொடி காத்திருக்கும். பிறகு சிக்கில் (எண் 9) வரும்; அதை எந்த நிரலாலும் தடுக்க முடியாது.

இந்த முதல் சமிக்ஞை நிரலுக்குப் பலமுறை பயன்படாமலே போனது. கொள்கலனின் முதல் செயல்முறை, தன் பெயர்வெளிக்குள் 1 என்ற எண் பெறுகிறது. தனக்கென ஏற்பாடு செய்துகொள்ளாத சமிக்ஞைகளால் எண் 1 சாகாதபடி லினக்ஸ் கருனி காக்கிறது. முழுக் கணினியில் இது நியாயமான காவல். எண் 1 செத்தால் எல்லாமே விழும். கொள்கலனிலோ அதுவே இடையூறாயிற்று. மேலும், தொடக்கக் கட்டளையை ஷெல் கோப்பாக எழுதினால் ஷெல் எண் 1 ஆகிவிடும். உண்மையான நிரல் அதன் பிள்ளையாகும். ஷெல் தனக்கு வந்த சமிக்ஞையைப் பிள்ளைக்குக் கடத்தாது. ஒரு கொள்கலன் நிற்க ஒவ்வொரு முறையும் சரியாக 10 நொடி ஆகிறதென்றால் முதலில் ஐயப்பட வேண்டியது இதைத்தான்.

கோப்பின் கடைசி வரியில் 'எக்செக்' சேர்த்து, ஷெல்லின் இடத்தில் நிரலையே அமர்த்துவது எளிய தீர்வு. 2017 ஜனவரியில் வந்த டாக்கர் 1.13, சமிக்ஞைகளைக் கடத்தும் 'டினி' என்ற சிறு நிரலைத் தன்னுடனே கொண்டுவந்தது. நிறுத்தும் சமிக்ஞையை மாற்றவும் வழி உண்டு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் சிக்டெர்ம் பெற்றால், இணைந்திருப்பவர்கள் தாமாக விலகும்வரை காத்திருக்கும். அதற்குள் 10 நொடி கடந்துவிடலாம். ஆகவே அதன் அதிகாரப்பூர்வப் படிமம் சிக்இன்ட் சமிக்ஞையைக் கேட்டுப் பெறுகிறது.

கூகுள் 2014-இல் வெளியிட்ட குபெர்நெட்டிஸ், 'போஸ்ட்ஸ்டார்ட்', 'பிரீஸ்டாப்' என இரு கொக்கிகளைத் தருகிறது. பிரீஸ்டாப் கட்டளை சிக்டெர்முக்கு முன் இயங்கும். இரண்டுக்கும் சேர்த்து இயல்பாக 30 நொடி அவகாசம். பெயர்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. முதன்மை நிரலுக்கு முன்போ பின்போ போஸ்ட்ஸ்டார்ட் இயங்கலாம். கொள்கலன் தானாகச் செயலிழந்தால் பிரீஸ்டாப் இயங்காது. அத்தகைய நேரத்தில் தரவைக் காப்பது, தரவுத்தளம் மாற்றங்களை முன்கூட்டியே வட்டில் எழுதிவைத்திருக்கும் பதிவேடுதான்.