செவ்ரான் காட்டில் வெடிமருந்து

லா சப்பலில் சாமான் வாங்கிக்கொண்டு ஆர்.ஈ.ஆர். பி-யில் ஏறி செவ்ரான்-லிவ்ரியில் இறங்கினால், உர்க் கால்வாய் ஓரமாக பூத்ரெரி பூங்காவுக்கு நடந்து போகலாம். மரங்களுக்கிடையில் மண்மேடுகள் இருக்கும். சின்ன வயதில் நான் அவற்றில் உருண்டு விளையாடியிருக்கிறேன். அவை யாரும் விளையாடுவதற்காகப் போட்டவை அல்ல.

1873 முதல் 1973 வரை இங்கே அரசின் வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்தது. ஒரு கட்டடம் வெடித்தால் பக்கத்துக் கட்டடமும் வெடிக்கக் கூடாது. அதற்காகத்தான் மேடுகளும், நடுவில் விட்ட மரங்களும். பாரிஸுக்கு இவ்வளவு அருகில் ஒரு காடு தப்பியதற்கு வெடிமருந்து காரணம் என்பது எனக்கு இன்னும் விசித்திரமாகத்தான் இருக்கிறது.

இங்கே செய்த மருந்து போருக்கு மட்டுமல்ல, வேட்டைக்கும் போனது. பழைய கருப்பு மருந்தில் ஒரு பெரிய தொல்லை: சுட்டதும் வெள்ளைப் புகை. மான் விழுந்ததா, ஓடியதா என்று வேடனுக்கே தெரியாது. 1884இல் போல் வியேய் புகையில்லாத மருந்தைக் கண்டுபிடித்தார். அல்பிரட் நோபல் 1881 முதல் செவ்ரானில் ஆய்வுகூடம் வைத்திருந்தார். 1887இல் தன்னுடைய புகையில்லா மருந்தான பலிஸ்டைற்றுக்கு உரிமம் பெற்றார். பிரான்சிடம் வியேயின் மருந்து இருந்ததால் நோபல் தன்னுடையதை இத்தாலிக்கு விற்றார். இங்கே அவரை உளவாளி என்றார்கள். 1891இல் சன் ரேமோவுக்குப் போய்விட்டார். பரிசுக்காக மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கும் மனிதர் நம் ஊரைவிட்டுப் போன கதை இது.

மருந்து தள்ளிவிடும், அவ்வளவுதான். மானைத் தொடுவது ஈயம். வன்னியில் நம்மவர்கள் துவக்கு என்று சொல்வார்களே, அதில் வேட்டைக்கான வகைக்குக் குழலின் உட்புறம் வழுவழுப்பாக இருக்கும். ஒரு தோட்டாவில் நிறையச் சன்னங்களைப் போடலாம், அல்லது ஒற்றைக் குண்டைப் போடலாம். சன்னங்கள் போகப் போகச் சிதறும். அதைக் குறைக்கக் குழலின் நுனியைச் சற்று ஒடுக்குவார்கள், அதுதான் சோக். 1870களில் இங்கிலாந்தின் கிறீனர் அதைப் பரவலாக்கினார். ஆனால் ஒற்றைக் குண்டுக்கு ஒடுங்கிய வாய் ஆகாது, அகன்ற வாய்தான் நல்லது. ஜெர்மனியில் வில்ஹெல்ம் பிறெனெக்கே 1898இல் செய்த குண்டின் பக்கங்களில் வரிகள் இருந்தன. சோக்குக்குள் நெருங்கும்போது அந்த வரிகள் நசுங்கி வழிவிடும்.

பெரிய சன்னத்துக்கு பிரெஞ்சில் பெயர் 'ஷெவ்ரொத்தீன்'. மான்குட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் 1986ஆம் ஆண்டின் ஆணைப்படி அதை மான்மீது சுடவே கூடாது. சில இடங்களில் காட்டுப்பன்றிக்கு மட்டும் விலக்கு உண்டு. சிதறிய சன்னம் ஒன்றிரண்டு மட்டும் பட்டால் மான் அங்கேயே சாகாது. காயத்தோடு புதருக்குள் ஓடி, பல மணி நேரம் கழித்துத்தான் சாகும்.